மஞ்சள் டேப்புக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 5

இந்த நோட்டு ஸ்டெல்லா வாங்கித் தந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்ச். "வெளிய சொல்லாததை எல்லாம் இதுல எழுதி வை செண்பகம், இல்லன்னா வயித்துல புண்ணு வந்துரும்" என்றாள். ரத்தக் குப்பியில் தேதி எழுதி ஒட்டிப் பழகிய கை இது. தேதியாவது தப்பாமல் இருக்கும்.

திருப்பூரில் இருந்து கோவில்பட்டிக்கு, அண்ணன் வேல்ராஜ் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. வலது சுண்டு விரல் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. கதவில் மாட்டியது. இனி நேராகாது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 6

அண்ணன் மனைவி, என் மதினி கற்பகஜோதி காலை ஆறு முதல் எட்டு வரை, பதினொன்று முதல் ஒன்றரை வரை, சாயங்காலம் ஐந்து முதல் ஏழரை வரை லைவில் இருக்கிறாள். சமைப்பது, துணி மடிப்பது, தலை வாருவது, சும்மா உட்கார்ந்திருப்பது, எல்லாம் லைவ். சேனலுக்கு 'ஜோதி வீட்டு வாசல்' என்று பெயர். பார்க்கிறவர்கள் தங்களை வீட்டாட்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். லைவுக்குள் வரும் ஒவ்வொருவரும் முதலில் "செருப்பைக் கழட்டியாச்சு" என்று எழுத வேண்டும். அதுதான் மரியாதை. மதினி உடனே "உள்ள வாங்க, உக்காருங்க" என்பாள். பன்னிரண்டாயிரம் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்காருகிற ஹால், பத்துக்குப் பதினாலு அடி.

அண்ணன் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு கேமராவுக்குப் பின்னால் நிற்கிறான். தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறான். அந்தப் பக்கம் போனால் பிரேமில் விழுவேன். இந்தப் பக்கம் சமையலறை, பின்னறை, குளியலறை. தெருவாசலுக்குப் போக ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

ஜனவரி 8

அவர் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். அண்ணன், "இங்க வரலையே மாப்ள. நாள் முழுக்க வீட்டைத்தான லைவ்ல காட்டுதோம், நீங்களே பாத்துக்கிடுங்க" என்றானாம். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நம்பிவிட்டார்.

அப்படிப் பார்த்தால் மஞ்சள் டேப் எனக்கு நல்லதுதான். இதைத் தினமும் ஒரு தடவை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 11

தும்மல் வந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன்.

ஜனவரி 15

பொங்கல். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஒரே லைவ்.

ஹாலில் இருக்கிற அடுப்பு பார்வைக்கு. அரிவது, வேகவைப்பது, தாளிப்பது எல்லாம் சமையலறையில் நான். டேப்பின் ஓரத்தில் பாத்திரத்தை வைப்பேன், மதினி குனிந்து எடுத்துக்கொண்டு போய்க் கிளறுவாள். கிளறுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. இன்றைக்குப் பால் பொங்கும் நேரத்தில் அரிசிக் கிண்ணத்தை எடுக்க மறந்துவிட்டாள். பால் வழிகிறது, அவள் திருதிருவென்று முழிக்கிறாள். நான் யோசிக்காமல் கையை நீட்டிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று விநாடி இருக்கும். முழங்கை வரைதான். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

ஜனவரி 18

அந்த மூன்று விநாடியை வெட்டியெடுத்து ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். "யார் அந்தக் கை?" "எங்க அம்மா கை மாதிரி இருக்கு." "கேட்காமலே கொடுக்குது பாருங்க, அதுதான் கை." மதினிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. மூன்று வருஷமாக அவள் முழுசாக வந்து நிற்கிறாள், ஒருத்தரும் இப்படி எழுதியதில்லை.

சாயங்காலம் லைவில் முப்பத்தோராயிரம் பேர். அதைப் பார்த்ததும் அவள் முகம் சரியாகிவிட்டது.

ஜனவரி 19

அண்ணன் தீர்ப்பு: "முகம் வேண்டாம். கை மட்டும். சுண்டு விரலை மடக்கி வச்சுக்க, மாப்ள பாத்தா தெரிஞ்சிரும்."

விரலை மடக்கினால் வலிக்கிறது. சொல்லவில்லை.

பிப்ரவரி 2

எனக்கு 'கை அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'கை அக்கா குடும்பம்' என்று தனியாக ஒரு குழு, மூவாயிரத்துச் சொச்சம் பேர். நடத்துகிறவர் தேனியில் இருக்கும் தமயந்தி அக்கா. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். எனக்காகக் கண்ணாடி வளையல் அனுப்பியிருக்கிறார். அளவு கேட்காமலே சரியாக அனுப்பியிருக்கிறார், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாராம்.

ஒரு நாளைக்கு நான்கு தடவை கையை நீட்டுகிறேன். தண்ணீர் கொடுக்க, கறிவேப்பிலை கொடுக்க, துணி வாங்க, விளக்குத் திரி கொடுக்க. இடையில் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். அதில் ஒரு குழாய்.

பிப்ரவரி 4

ஒரு காரியம் செய்தேன். 'மணப்பாறை வைதேகி' என்று பொய்ப் பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

நாள் முழுக்கப் படித்தேன். என் கையைப் பற்றி மூவாயிரம் பேர் பேசுகிறார்கள். பாத்திரத்தை ஓசைப்படாமல் வைக்கிறேனாம், அது வளர்ப்பாம். ஓசை கேட்டால் அண்ணன் திட்டுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 9

குழுவில் பெரிய ஆராய்ச்சி. கை அக்கா ஏன் முகம் காட்டுவதில்லை? "புருஷன் இல்லாதவங்களா இருக்கும்." "வேலைக்கு வந்த பொண்ணா இருக்கும்." ஒருத்தி மட்டும், "ஏதோ தப்புப் பண்ணிட்டு வந்திருக்கு, அதான் மறைக்காங்க" என்று எழுதியிருந்தாள். அது சுருக்கென்றது.

வைதேகி எழுதினாள்: "எனக்குத் தெரிஞ்சவங்க சொன்னாங்க. அக்காவுக்கு வீட்டுக்காரர் இருக்கார். தங்கமான மனுஷர். வேலை விஷயமா பிரிஞ்சு இருக்காங்க. அவர் வர்ற வரைக்கும் யாருக்கும் முகம் காட்டறதில்லன்னு இருக்காங்க."

நானூறு பேர் இதயம் போட்டார்கள். தமயந்தி அக்கா, "எனக்குத் தெரியும், இந்தக் கை காத்துக்கிட்டு இருக்கிற கை" என்று எழுதினார்.

பிப்ரவரி 14

வைதேகி நிறுத்தவில்லை. அவர் பூண்டு உரித்துக் கொடுப்பாராம். அக்காவுக்குத் தலைவலி என்றால் ரேடியோவைக் குறைத்துவிட்டுத் திண்டாடுவாராம். கோபம் வந்தால் வீட்டைவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வருவாராம்.

எழுத எழுத அந்த மனுஷரை எனக்கே கொஞ்சம் பிடித்துப் போயிற்று. அவரோடு என்றால் திருப்பூரில் இன்னும் இருந்திருப்பேன்.

பிப்ரவரி 20

ஸ்டெல்லா போன். அவள் வேலை பார்க்கும் லேபில் ஏப்ரல் ஒன்று முதல் எனக்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் பெண்கள் விடுதி. ஊர் பெயரை இங்கே எழுதவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். "இப்பதான் சேனல் மேல வருது. கை போயிட்டா என்னத்த காட்டுவோம்?" என்றான். வேலைக்கும் விடுதிக்கும் ஆதார் கார்டு வேண்டும். வந்த அன்றைக்கு, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிப் பீரோவில் வைத்தான். கேட்டேன். "எங்க ஓடப்போற, இருக்கட்டும்" என்று சிரித்தான்.

மதினி துணி மடித்துக்கொண்டிருந்தாள். லைவ் இல்லாத நேரத்திலும் ஓரம் பிசகாமல்தான் மடிக்கிறாள்.

பிப்ரவரி 27

இரண்டு மாதமாக வெயில் படவில்லை. கை மட்டும் விளக்கு வெளிச்சம் பார்க்கிறது.

மார்ச் 5

காலையில் குழுவைத் திறந்தேன். தமயந்தி அக்காவின் பதிவு: "வீட்டாட்களே, மகளிர் தினத்துக்கு நம்ம கை அக்காவுக்கு நாம கொடுக்கிற பரிசு. அவங்க வீட்டுக்காரரைக் கண்டுபிடிச்சாச்சு. எட்டாம் தேதி சாயங்காலம் லைவ்லயே கூட்டிட்டு வர்றோம். ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

கீழே அவர் போட்டோ.

அண்ணனின் பழைய பேஸ்புக்கில் என் கல்யாணப் போட்டோ இருந்திருக்கிறது. மணிக்கட்டு மச்சத்தை வைத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஓரத்தில் ஸ்டூடியோ பெயர், அங்கிருந்து நம்பர். முப்பது வருஷம் ஆளைத் தேடி லைன் கொடுத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா. "போன்ல அழுதுட்டாரும்மா, வைதேகி சொன்னது அப்படியே உண்மை" என்று எழுதியிருந்தார்.

குளியலறையில் போய் உட்கார்ந்தேன். குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 6

வைதேகி எழுதினாள்: "அவரைக் கூட்டிட்டு வராதீங்க. அவர் நல்லவர் இல்ல. நான் சொன்னது எல்லாம் பொய்."

"அன்னைக்குத் தங்கமான மனுஷர்னு சொன்னது யாரு?" "பொறாமை." "ஒரு குடும்பம் சேர்றது சிலருக்குப் பிடிக்காது." கால் மணி நேரத்தில் வைதேகியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூவாயிரம் பேரில் கை அக்காவுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

மார்ச் 7

அண்ணனிடம் சொல்லலாம் என்று போனால் அவனுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. சரி என்றும் சொல்லிவிட்டான். "ஊரே பாக்கும்போது என்ன செஞ்சிருவாரு? சேந்து இங்கயே இருங்க. அவரும் ரெண்டு வேலை பாப்பாரு."

"ஊரு பாக்காத நேரத்துல?" என்றேன்.

அண்ணன் தெருக்கதவுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மகளிர் போலீசுக்குப் போன் செய்யலாம் என்று போனைத் தேடினேன். அது சார்ஜில் இருந்த இடத்தில் இல்லை.

மார்ச் 9

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஐந்தே முக்காலுக்கு வந்தார். வீட்டாட்கள் அனுப்பிய சந்தனக் கலர் சட்டை, கையில் கேக். மதினி "வாங்க, உள்ள வாங்க" என்றாள். அவர் ஷூவோடு ஹாலுக்குள் நடந்து வந்தார். அவரோடு இரண்டு வீட்டில் இருந்திருக்கிறேன், எந்த வீட்டிலும் அவர் ஷூவைக் கழற்றியதில்லை. நான் டேப்புக்கு இந்தப் பக்கம் நின்று ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்தேன். இதயமும் பூவுமாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வரி வந்தது: "செருப்பு." இன்னொன்று: "அண்ணா, ஷூ." பிறகு அதுவே வரிசையாக.

அவர் கவனிக்கவில்லை. சிரித்தபடியே டேப்பைத் தாண்டி என்னிடம் வந்தார். தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்தார். ரசிகர்கள் கொண்டாடுகிற அந்தக் கையைத்தான், அதே விரலைத்தான். "ஒன்ன ஒருத்தரும் பாக்காத எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இரண்டு மாதமாக எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று இருந்தேனோ, இந்த வீட்டில் அந்த ஒரு இடத்தில்தான் அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. கையை உருவிக்கொண்டு டேப்பைத் தாண்டிப் போய் போனுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டாயிரம் பேர்.

அண்ணன், "சார்ஜ் இல்ல, ஜோதி, முடிச்சிரு" என்றான். உண்மைதான், ஒன்பது சதவீதம். நான் மதினியைப் பார்த்து, "நிறுத்தாதீங்க மதினி" என்றேன். அவள் என் விரலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ச் சார்ஜரை எடுத்துவந்து போனில் செருகினாள். மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மதினியைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில் பாதியை அடிக்க வேண்டும்.

அப்புறம் சொன்னேன். "என் பேரு செண்பகவல்லி. வைதேகிங்கிறதும் நான்தான். நான் சொன்ன புருஷன் உலகத்துல இல்ல, எனக்கு வேணும்னு நானா சொன்னது. இந்த விரல் கதவுல மாட்டல. நான் கைய வச்சிருக்கேன்னு பாத்துட்டுத்தான் இவரு கதவச் சாத்துனாரு. சாத்திட்டுப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு."

இங்கே ஜனவரி ஐந்தாம் தேதி வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

அவர் எட்டு மணி வரை நின்றார். ஏழரைக்கு லைவ் முடிந்துவிடும் என்று பார்த்தார். மதினி முடிக்கவில்லை. வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். எட்டேகாலுக்குக் கேக்கை வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 11

தமயந்தி அக்கா மதினி போனில் கூப்பிட்டார். "அந்தக் காலத்துல வெளியூர்ல இருந்து டிரங்க் கால் வந்தா, ஆளு கெடச்சதும் லைன் கொடுத்துர மாட்டோம்மா. இன்னார் பேசணும்னு சொல்றாங்க, நீங்க பேசறீங்களான்னு கேட்போம். மாட்டேன்னா விட்டுருவோம். முப்பது வருஷம் ஒரு தடவ தப்பினதில்ல. உங்ககிட்ட கேக்காம விட்டுட்டேனே" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இன்னும் இருக்கிறது. வளையலைக் கழற்றவில்லை.

மார்ச் 16

போலீசுக்குப் போகலாம் என்றால், சேனல் பெயர் கெட்டுவிடும் என்கிறான் அண்ணன். என் போனைக் கொடுத்துவிட்டான், கார்டைக் கொடுக்கவில்லை. இப்போது முகமும் வர வேண்டுமாம். "நாங்க தினமும் பாத்தாதான் அக்கா பத்திரமா இருக்காங்கன்னு நிம்மதி" என்கிறார்கள் வீட்டாட்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை முகத்தைக் காட்டுகிறேன். ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமானதற்கு நானூறு பேர் பதறிவிட்டார்கள். சிலர், "அவரும் மனுஷர்தான, ஒரு வாய்ப்பு குடுக்கலாம்" என்றும் எழுதுகிறார்கள்.

அவர்கள் பார்க்கிற லைவைத்தான் அவரும் பார்ப்பார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தினமும் இரண்டு தடவை அவருக்கும் தெரிவிக்கிறேன். டேப்பைப் பிய்த்தாகிவிட்டது. தரையில் பசை மட்டும் இருக்கிறது, காலில் ஒட்டுகிறது.

மார்ச் 30

காலை லைவ், ஏழு மணி. பையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். வேறு வாசல் இல்லாத வீடு, வேறு எப்படி வருவது.

"அண்ணே, என் ஆதார் கார்டு" என்றேன். போனுக்கு நேராக நின்று, சிரித்த முகத்தோடு.

அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினான். நான் கையை நீட்டியபடியே நின்றேன். சுண்டு விரலை மடக்கவில்லை. மதினி, "குடுங்க, பாக்காங்கள்லா" என்றாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஓரத்திலிருந்து கார்டோடு ஒரு கை நீண்டது. இன்றைக்குப் பிரேமில் விழுந்தது அண்ணன் கை, முழங்கை வரை.

வீட்டாட்களிடம், "என்னைத் தேடாதீங்க. பாசத்துலகூடத் தேடாதீங்க" என்றேன். மதினி வெளியே வந்து நடையில் நின்றாள். லைவ் ஓடிக்கொண்டிருக்க, நான் குனிந்து செருப்பைப் போட்டேன்.

ஜூன் 19

விடுதியில் ஜன்னல் இருக்கிறது. வெளியே மரம் இருக்கிறது. சாயங்காலம் கடைக்குப் போய் வருகிறேன், ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு. நானும் ஸ்டெல்லாவும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மதினி லைவுக்குக் கூட்டம் குறைந்துவிட்டதாம். தமயந்தி அக்கா குழுவைக் கலைத்துவிட்டார் என்று ஸ்டெல்லா சொன்னாள். நான் பார்க்கவில்லை.

இன்று லேபில் கூட்டம். சர்க்கரை பார்க்க ஐம்பது வயதில் ஒரு அம்மா வந்தார்கள். கையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் கையையே பார்த்தார்கள். மச்சத்தை, பிறகு விரலை. அவர்களின் போன் மடியில் இருந்தது.

"செருப்பை வெளியவே கழட்டிட்டுத்தாம்மா வந்தேன்" என்றார்கள், மெதுவாக.

அவர்கள் போனை எடுத்துப் பைக்குள் போட்டுப் பையை மூடினார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்கள். ரத்தம் எடுத்து, பஞ்சு வைத்து, குப்பியில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டுகிற வரைக்கும் திறக்கவே இல்லை. ஊசிக்குப் பயந்தா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை.